சொல்லிக்கொள்ள ஒரு வீடு

முதல் வகுப்பில் சேர்ந்த பெண் குழந்தை பள்ளியில் நடந்ததையெல்லாம் வீட்டுக்கு வந்து ஒப்பிக்கும். டீச்சர் என்ன நிறச் சேலை கட்டியிருந்தார், பக்கத்தில் இருந்தவள் டிபன் பெட்டியில் என்ன கொண்டுவந்தாள், யார் யாரைக் கிள்ளினாள் என்று ஒன்று விடாமல் சொல்லும். "கொஞ்ச நேரம் வாயை மூடேன்" என்று தாயே சலித்துக்கொள்ளும் அளவுக்குப் பேசும். அதே குழந்தை எட்டாம் வகுப்புக்கு வந்ததும், "இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்ற ஒரே சொல்லோடு பையை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறது. பெற்றோர் கூட்டங்களில் ஆசிரியைகளாகிய எங்களிடம் அன்னையர் மிகுதியாகக் கேட்பது மதிப்பெண்ணைப் பற்றி. அதற்கு அடுத்தபடியாகக் கேட்பது இதைப் பற்றித்தான். "வீட்டில் வாயே திறப்பதில்லை. இங்கே எப்படி இருக்கிறாள்?" என்கிறார்கள். வளரும் மகளைப் பேணுவது குறித்து எழுத வேண்டியவை எத்தனையோ உண்டு. ஆயினும் இந்த ஆண்டு மலரில் இந்த ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். மற்றவை பலவும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரையுள்ள காலத்தை வளரிளம் பருவம் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. இப்பருவத்தைத் தனியே ஆராயத் தொடங்கியவர்களுள் முன்னோடியானவர் அமெரிக்க உளநூலறிஞர் ஸ்டான்லி ஹால். 1904-இல் இரு பெருந்தொகுதிகளாக அவர் வெளியிட்ட நூலில், இது புயலும் கொந்தளிப்பும் நிறைந்த பருவம் என்று எழுதினார். மானிடவியலறிஞர் மார்கரெட் மீட் அம்மையாரோ பசிபிக் கடலிலுள்ள சமோவாத் தீவுக்குச் சென்று அங்குள்ள இளம் பெண்களிடையே தங்கி ஆராய்ந்து, அங்கே இப்பருவம் பெரிய கொந்தளிப்பு ஏதுமின்றிக் கழிகிறது என்று 1928-இல் எழுதினார். அம்மையார் கண்டது சரிதானா என்று பின்வந்த அறிஞர்கள் நெடுங்காலம் சண்டையிட்டார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். சிறு பிணக்குகளும் மனவாட்டங்களும் இப்பருவத்தில் கூடுகின்றன, ஆனால் பெற்றோருடன் உண்மையாகவே பகை கொள்ளும் பிள்ளைகள் சிறுபான்மையினரே என்பதை இன்று ஆய்வாளருள் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கின்றனர்.

மூளையைப் பற்றி அறிந்துள்ளதும் இதற்குத் துணை நிற்கிறது. உணர்ச்சிகளுக்கு உரிய பகுதிகள் இவ்வயதில் விரைந்து விழித்துக்கொள்கின்றன. பின்விளைவை எண்ணிப் பார்த்துக் கடிவாளம் பிடிக்கும் நெற்றிப் பகுதியோ இருபது வயதைக் கடந்த பின்னும், ஏறத்தாழ இருபத்தைந்து வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே பதினான்கு வயது மகள் ஒரு சிறு சொல்லுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வடிப்பதும், அரை மணி நேரத்தில் தம்பியோடு சிரித்து விளையாடுவதும் நடிப்பல்ல. அறைக் கதவைச் சாத்திக்கொள்வது அன்பு குறைந்துவிட்டதற்கு அடையாளமும் அன்று.

ஆனாலும் மகள் எங்கே போகிறாள், யாருடன் பழகுகிறாள், எதை எண்ணி மருகுகிறாள் என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். இதில் இரு கருத்துக்கு இடமில்லை. எப்படி அறிவது என்பதில்தான் கேள்வி. நம் வீடுகளில் வழக்கமான வழி வேவு பார்ப்பது. பையைக் கிளறுவது, நோட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுவது, கைப்பேசியைப் பிடுங்கிப் பார்ப்பது, தம்பியை ஒற்றனாக அனுப்புவது. இதனால் சிற்சில செய்திகள் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் எவ்வளவு?

ஸ்வீடன் நாட்டில் பணியாற்றிய ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரு ஆய்வாளர்கள், பதினான்கு வயதுடைய 703 பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தம் பிள்ளைகளின் போக்குவரத்தை நன்கு அறிந்திருந்த பெற்றோருக்கு அச்செய்திகள் எவ்வழியாகக் கிடைத்தன என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. பெற்றோர் துருவிக் கேட்டதாலா, கட்டுப்பாடு விதித்ததாலா, பிள்ளை தானாக வந்து சொன்னதாலா? பெரும்பகுதி பிள்ளை தானாகச் சொன்னதால்தான் என்று தெரியவந்தது. தீய வழிகளில் செல்லாமல் இருந்த பிள்ளைகளுக்கும் இவ்வாறு வீட்டில் சொல்லும் பழக்கத்துக்கும் இருந்த தொடர்பு, கண்காணிப்புக்கு இருந்ததைக் காட்டிலும் வலுவாக இருந்தது. அதுவரை கண்காணிப்பே காப்பு என்று எண்ணியிருந்த அறிஞர் உலகம் இதைக் கண்டு சற்றுத் திகைத்தது.

ஸ்வீடன் எங்கே, நம் ஊர் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. அங்குள்ள பெண்ணுக்கு உள்ள நடமாட்டச் சுதந்திரம் வேறு. நம் பெண்களுக்கு உள்ளது வேறு. ஆயினும் பிள்ளை சொன்னதைக் கேட்டுப் பெற்றோர் ஏசினால் அடுத்த முறை அது சொல்லாது என்பதற்குத் தேசம் உண்டா? பின்னர் வந்த ஆய்வுகளும் இதையே காட்டியிருக்கின்றன. இதற்கெல்லாம் ஆராய்ச்சி வேண்டுமா என்று நம் வீட்டுப் பாட்டிமார் சிரிக்கவும் கூடும்.

இனி நம் பிள்ளைகளிடம் வருவோம். ஏதேனும் ஒரு துன்பத்தில் இருக்கும் மாணவியைத் தனியே அழைத்துப் பேசும்போது, "வீட்டில் சொன்னாயா?" என்று முதலில் கேட்போம். "ஐயோ, வேண்டாம் டீச்சர்" என்பதே பெரும்பாலும் விடையாக வரும். ஏன் என்றால் "அடிப்பார்கள்" என்று சொல்பவர்கள் சிலர். "படிப்பை நிறுத்திவிடுவார்கள்" என்று சொல்பவர்கள் அவர்களினும் பலர். அன்புள்ள பெற்றோர்களே, இந்த விடையைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டுகிறோம். அடிக்கு அஞ்சும் பிள்ளையை நாம் அறிவோம். இவள் அஞ்சுவது வேறொன்றுக்கு. தன் துன்பத்தைச் சொன்னால் அதற்கான அபராதம் தன்மேல் விழும் என்று இவள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். பல வீடுகளில் அந்தக் கணக்கு சரியாகவே இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நாள்தோறும் பஸ் ஏறுமிடத்தில் ஓர் இளைஞன் வந்து நிற்கிறான், பின்தொடர்கிறான், காகிதத்தில் எண்ணை எழுதி எறிகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் நடப்பதுதான். அவள் துணிந்து தாயிடம் சொல்கிறாள். தாய் பதறி, "இத்தனை பெண்கள் நிற்க உன் பின்னால் மட்டும் ஏன் வருகிறான்?" என்கிறாள். இரவில் செய்தி தந்தையிடம் போகிறது. மறுநாள் முதல் மாலைச் சிறப்பு வகுப்பு கிடையாது. கோகோ பயிற்சி கிடையாது. தோழி வீடு கிடையாது. சித்தப்பா கொண்டுவந்து விட்டு அழைத்துப் போவார். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சு அடுப்படியில் அடிபடுகிறது. காகிதம் எறிந்தவன் வழக்கம்போல் அதே நிறுத்தத்தில் நிற்கிறான். அவனுக்கு எந்த இழப்பும் இல்லை. இழந்ததெல்லாம் சொன்னவள். இவற்றையெல்லாம் மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியபடி ஏழாம் வகுப்பில் படிக்கும் தங்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இப்படி ஒன்று நேரும்போது வீட்டில் சொல்வாளா?

பெற்றோரின் அச்சத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. பெண்ணுக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்ற நடுக்கமும், ஊர் வாய்க்கு அஞ்சும் அச்சமும் அவர்களை அப்படிச் செய்விக்கின்றன. ஆனால் வழிகள் வேறும் உண்டு. 1998-இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் இத்தகைய தொல்லையால் உயிரிழந்தபின் தமிழக அரசு இதற்கெனவே தனிச் சட்டம் கொண்டுவந்தது. பஸ்ஸில் தொல்லை நேர்ந்து பெண் முறையிட்டால் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்வது ஓட்டுநர் நடத்துநரின் கடமை என்று அச்சட்டம் கூறுகிறது. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இன்று மாநிலம் முழுவதும் உள்ளன. காவல் நிலையம் வரை போகாமலே தந்தை இரண்டு நாள் அந்த நிறுத்தத்தில் வந்து நின்றால் தீர்ந்துபோகும் தொல்லைகளும் உண்டு; அதே வழியில் வரும் நான்கு மாணவியரின் பெற்றோர் சேர்ந்து பேசினால் தீர்பவையும் உண்டு. எந்த வழியானாலும் பெண்ணின் வகுப்பும் விளையாட்டும் நிற்காமல் தொல்லை தந்தவனின் போக்கு நிற்க வேண்டும். கட்டிக் கொடுத்துவிட்டால் கவலை தீரும் என்று எண்ணுவோருக்கும் ஒரு சொல்: பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் செய்விப்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நடத்தி வைக்கும் பெற்றோரும் தண்டனைக்கு உள்ளாவர்.

மகள் ஒன்றைச் சொல்ல வந்த முதல் ஐந்து நிமிடங்கள் மிக முக்கியமானவை. அவள் சொற்களைவிட நம் முகத்தையே அப்போது படித்துக்கொண்டிருப்பாள். பெரும்பாலும் முதலில் முழுவதையும் சொல்ல மாட்டாள். தண்ணீரில் கால் வைத்துப் பார்ப்பதுபோல் ஒரு துண்டை மட்டும் சொல்வாள். "என் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு இப்படி நடந்ததாம்" என்றும் தொடங்குவாள். அந்த இடத்தில் "அவள் வீட்டில் வளர்ப்பு சரியில்லை" என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு அருகில் உட்கார்ந்து, "நீ சொன்னது நல்லதாயிற்று. உன்மேல் தவறில்லை. என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்" என்ற மூன்று வாக்கியங்களைச் சொல்ல முடியுமானால் அந்நேரத்துக்கு அதுவே போதும். "ஏன் இதை முன்பே சொல்லவில்லை?" என்ற கேள்வி மிக இயல்பாக நாவில் வரும். அதுவும் ஒரு குற்றச்சாட்டாகவே அவள் காதில் விழும். ஆகையால் விழுங்கிவிடுவது நல்லது. பிறகு, "அப்பாவிடம் நான் சொல்லட்டுமா, நீயே சொல்கிறாயா?" என்று கேளுங்கள். அவளுடைய செய்தி அவளைக் கேளாமல் அத்தை வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தால், இனி ஒன்றும் உங்களிடம் வராது.

துன்பம் வந்த பின் சொல்லும் ஆறுதலைக் காட்டிலும், ஒன்றும் நடவாத ஒரு நாளில் முன்கூட்டியே கொடுக்கும் உறுதிமொழிக்கு வலிமை மிகுதி. "எது நடந்தாலும் எங்களிடம் சொல். அதற்காக உன் படிப்பு ஒருநாளும் நிற்காது" என்று தாயும் தந்தையும் சேர்ந்து, வாய்விட்டு, ஒரு முறையேனும் சொல்லியிருக்க வேண்டும். மகளுக்குத் தானாகத் தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. தெரியாது.

தொல்லை தெருவிலிருந்துதான் வரும் என்பதில்லை. நாட்டில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவராகவே இருக்கிறார். உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர் என்று வீட்டுக்குள் வந்து காபி குடித்துவிட்டுப் போகும் மனிதர்கள். "மாமா வந்தால் நான் பாட்டி வீட்டுக்குப் போய்விடுகிறேன்" என்று பெண் சொன்னால் "பெரியவர்களை மதிக்கத் தெரியவில்லை" என்று கடிந்துகொள்ளும் முன், ஏன் என்று மெல்லக் கேட்க வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். காவல் நிலையத்தின் வாயிலை மிதிக்க அஞ்சியே பல பெற்றோர் வாய் மூடி இருந்துவிடுகின்றனர். அச்சட்டப்படி குழந்தையின் வாக்குமூலத்தை அவளுடைய வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் அதிகாரி ஒருவர், சீருடை அணியாமல் வந்து பதிவு செய்ய வேண்டும். இரவில் அவளைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. அவள் பெயரையோ படத்தையோ பள்ளியையோ பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. 1098 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், குழந்தையே அழைக்கலாம்.

கைப்பேசியைப் பற்றி எழுதாவிட்டால் இக்கட்டுரை நிறைவு பெறாது. கொரோனாக் காலத்தில் 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடத்துக்காக வீட்டில் நுழைந்த பொருள் அது, பின்னர் வெளியேறவில்லை. இரவில் அது பெற்றோர் அறையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. இதை ஒரு தண்டனையாகச் செய்யாமல் வீட்டின் பொது வழக்கமாக, பெரியவர்களும் சேர்ந்து கடைப்பிடித்தால் பிணக்கு குறையும். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. முகந்தெரியாத ஒருவன் நட்பாகப் பேசி ஒரு படத்தைப் பெற்றுக்கொண்டு, "உன் அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டுகிறான். அவன் கையிலுள்ள ஆயுதம் அந்தப் படம் அன்று, அப்பாவின் கோபந்தான். "அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன்" என்று ஒரு பெண்ணால் சொல்ல முடிந்தால் அவன் மிரட்டல் பெரும்பாலும் வலுவிழந்துவிடுகிறது. அந்நிலையில் செய்தி எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, பணம் எதுவும் கொடுக்காமல், மத்திய அரசின் இணையவழிக் குற்றப் புகார்த் தளத்திலோ காவல் துறையிலோ முறையிட வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் படங்கள் இணையத்தில் பரவாமல் தடுக்க 'டேக் இட் டௌன்' என்ற இலவச சேவை 2023 முதல் உள்ளது. அதற்குப் படத்தை எங்கும் அனுப்ப வேண்டியதில்லை. கைப்பேசியிலேயே அதற்கொரு அடையாள எண் உருவாக்கப்பட்டு அந்த எண் மட்டுமே செல்கிறது. அதில் பங்கேற்கும் நிறுவனங்கள் அந்த எண்ணைக் கொண்டு தங்கள் தளங்களில் அப்படத்தைக் கண்டு நீக்குகின்றன.

வீட்டில் நாள்தோறும் நடக்கும் சில்லறைச் சண்டைகள் மற்றொன்று. தலைமுடியை ஏன் இப்படி வெட்டினாய், எண்ணெய் ஏன் வைக்கவில்லை, அந்தச் சுடிதார் ஏன், இந்தப் பாட்டு ஏன், அந்தத் தோழி ஏன் என்று காலை முதல் இரவு வரை ஒரு நீதிமன்றம் நடக்கிறது. ஜூடித் ஸ்மெட்டானா என்ற அமெரிக்க உளநூலறிஞர் பல்லாண்டுகள் ஆராய்ந்து ஒரு வேறுபாட்டைக் காட்டியிருக்கிறார். உயிருக்கும் உடலுக்கும் தீங்கு நேரக்கூடியவை, பிறருக்குத் தீங்கு செய்வன ஆகியவற்றில் பெற்றோர் விதி செய்வதை இவ்வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றனர். உடை, தலைமுடி, தோழமை போன்றவற்றைத் தம் சொந்த விஷயங்களாகக் கருதுகின்றனர். அங்கே பெற்றோர் நுழையும்போதுதான் முறுக்கிக்கொள்கின்றனர். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் "கூடாது" என்று சொல்லிவந்தால், இரவு எட்டு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற தேவையான "கூடாது"வும் தலைமுடியைப் பற்றிய "கூடாது"வோடு சேர்ந்து காதில் விழாமற் போய்விடும். பள்ளியில் இரட்டைப் பின்னலும் ரிப்பனும் கட்டாயம் என்று சொல்லிவிட்டு நாங்களே இதை எழுதுகிறோமே என்று மாணவியர் முணுமுணுப்பது எங்கள் காதில் விழாமலில்லை. பள்ளிச் சீருடை காலை முதல் மாலை வரைதான். ஞாயிற்றுக்கிழமையின் முடியலங்காரத்தை அவளுக்கே விட்டுவிடலாம்.

உடல் வளர்ச்சி பற்றிய செய்திகளைச் சுருக்கமாகவே சொல்கிறோம். உயிரியல் பாடத்தில் உள்ளவை மிகுதி. மாதவிலக்கு வருமுன்னரே அதைப் பற்றித் தாய் சொல்லியிருக்க வேண்டும். மகள் தாயிடம் கூச்சமின்றிப் பேசக் கற்கும் முதல் பாடமும் அதுவே. முதல் ஓரிரு ஆண்டுகள் அது ஒழுங்கின்றி வருவது இயல்பு. பள்ளிக்குப் போக முடியாத அளவு வலி இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும், "எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான்" என்று தள்ளிவிடக் கூடாது. 2012-இல் தமிழக அரசு 'புதுயுகம்' திட்டத்தின் வழியாகக் கிராமப்புறப் பெண் பிள்ளைகளுக்கு நாப்கின் வழங்கத் தொடங்கிய பின் மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்கு மட்டம் போடுவது குறைய வழி பிறந்தது. மஞ்சள் நீராட்டு விழாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது குடும்பத்தின் மகிழ்ச்சி. வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார்? ஆனால் தெருமுனையில் மகளின் படத்தோடு பேனர் வைக்குமுன் அவளை ஒரு முறை கேட்டீர்களா? அடுத்த திங்கட்கிழமை அந்தப் பேனருக்குக் கீழே நடந்து பள்ளிக்கு வரப்போகிறவள் அவள்தானே.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. சோம்பல், எரிச்சல், படிப்பில் நாட்டமின்மை என்று நாம் கடிந்துகொள்வதில் பாதி இரத்தக் குறைவாக இருக்கலாம். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை வயிற்றைப் புரட்டுகிறது என்று எறிந்துவிடுகிறார்கள். உணவுக்குப் பின் உட்கொண்டால் அத்தொல்லை குறையும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கூடவே ஒரு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை. சாப்பிட்டவுடன் தேநீர் வேண்டாம். அது இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். தூக்கமும் எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. இவ்வயதில் உடற்கடிகாரமே சற்றுப் பின்தங்கி, இரவில் தூக்கம் தாமதமாக வருகிறது. காலை நான்கு மணிக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பிப் படிக்க வைக்கும் வழக்கத்தைத் தேர்வுக் காலத்திலேனும் மறுபரிசீலனை செய்யுமாறு வேண்டுகிறோம்.

மதிப்பெண் என்ற இடத்தில் மகளின் மௌனம் ஆபத்தானது. 2017 முதல் தமிழக அரசு பொதுத்தேர்வுகளில் மாநில முதலிடம் இரண்டாமிடம் என்று பெயர்கள் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. ஆனால் உறவினர் வீடுகளில் அப்பட்டியல் இன்னும் வெளியாகிக்கொண்டுதான் இருக்கிறது. தேறாதவர்களுக்குச் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு உண்டு. அதில் தேறினால் அதே ஆண்டில் மேற்படிப்புக்குப் போகலாம். இது தெரியாமல், அல்லது தெரிந்தும் வீட்டு முகங்களை எதிர்கொள்ள முடியாமல், விபரீத முடிவுக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. 2022-இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவ மாணவியர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர் என்று தேசியக் குற்ற ஆவணப் பிரிவு கணக்குக் கூறுகிறது. அனைத்தும் தேர்வினால் அல்ல. காரணங்கள் பலவாகப் பின்னிக் கிடப்பவை. தேர்வு முடிவுக்கு முந்தைய நாளே, "என்ன வந்தாலும் நாளை மதியம் சேர்ந்து சாப்பிடுவோம்" என்று சொல்லி வைப்பது பெற்றோரால் இயலாத காரியமா?

சில அடையாளங்களைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேலாக உணவும் உறக்கமும் கெட்டிருத்தல், பிடித்தமான விளையாட்டையும் தோழியரையும் விட்டு ஒதுங்குதல், தன் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், "நான் இல்லாமற் போனால் உங்களுக்கு நிம்மதி" என்று விளையாட்டாகவேனும் சொல்லுதல். அப்போது, "செத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலே பிறக்கும். அவளைத் தனியே விடாமல் மருத்துவ உதவி தேட வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே அழைக்கலாம். தமிழக அரசின் 104-உம் உண்டு. 1986 முதல் சென்னையில் சினேகா என்ற தொண்டு நிறுவனமும் இப்பணியைச் செய்து வருகிறது. மனநல மருத்துவரிடம் காட்டினால் நாளை மாப்பிள்ளை கிடைக்குமா என்ற கவலையை அன்றைக்கு ஒதுக்கி வைக்க வேண்டும்.

அப்படியானால் மகள் சொல்வதையெல்லாம் கேட்டுத் தலையாட்ட வேண்டுமா? இல்லை. கேட்பது வேறு, இணங்குவது வேறு. பதினாறு வயதில் ஒரு பையன்மேல் விருப்பம் என்று அவள் சொன்னால், "சொன்னாயே, மகிழ்ச்சி. இப்போது படிப்பு முடியட்டும். இந்த இடத்துக்குத் தனியே போகக் கூடாது" என்று எல்லை கட்டலாம், கட்டவும் வேண்டும். விதிகள் சிலவாக, காரணம் சொல்லி, தம்பிக்கும் அதே விதியாக இருந்தால் அவள் ஏற்பாள். தம்பி இரவு பத்து மணிக்கு வரலாம், இவள் ஆறு மணிக்கு வாசலைத் தாண்டக் கூடாது என்றிருந்தால் அவள் கேட்கும் கேள்விக்கு எங்களாலும் விடை சொல்ல முடியாது. உயிருக்கு ஆபத்தான செய்தியை மட்டும் இரகசியமாக வைத்திருக்க இயலாது என்பதையும் அவளிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். நாங்களும் மாணவியரிடம் அவ்வாறே சொல்கிறோம்.

இதுவரை எழுதியதில் அன்னையர் பெயரே மிகுதியாக அடிபட்டிருக்கிறது. தந்தையரிடம் தனியே ஒன்று கேட்க வேண்டியுள்ளது. தோளில் தூக்கித் திருவிழா காட்டிய தந்தை, மகள் வயதுக்கு வந்த நாள் முதல் ஏன் அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொள்கிறார்? பேனா வாங்கப் பணம் வேண்டுமென்றாலும் "அம்மாவிடம் சொல்" என்றாகிவிடுகிறது. அவர் மரியாதைக்காகவும் கூச்சத்தாலும் விலகுகிறார். அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்காமற் போய்விட்டது என்று மகள் எங்களிடம் வந்து அழுகிறாள். எதிரே உட்கார வைத்து விசாரணை செய்தால் பேச்சு வராது. நூலகத்துக்கோ கடைக்கோ வண்டியில் அழைத்துப் போகும்போது, முகம் பாராமல் பின்னால் உட்கார்ந்திருக்கும் வேளையில், தானாக வரும். சைக்கிள் சங்கிலி மாட்டக் கற்றுக்கொடுக்கும்போதும், வங்கியில் படிவம் நிரப்பக் கற்றுக்கொடுக்கும்போதும் வரும். அடுத்த பெற்றோர் கூட்டம் தந்தையருக்கு வசதியாக ஒரு சனிக்கிழமை பிற்பகலில் வைக்கப்படும். மதிப்பெண் அட்டையில் கையொப்பமிட மட்டுமன்று, அரைமணி நேரம் உட்கார்ந்து பேசவும் அவர்களை அழைக்கிறோம்.